புது ஏஜெண்டும் பழைய ஐந்தொகையும்

காரைக்குடியில் கடை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், வாரத்துக்கு ஒருவராவது வந்து "நீங்கள் இன்னும் ஏஐ போடவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். கேட்கிற தோரணையைப் பார்த்தால் கடையைப் பூட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இதே ஆட்கள் பில் போடும் மென்பொருள் விற்றார்கள். அப்புறம் செயலி விற்றார்கள். இப்போது சாட்பாட். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் மாதக் கடைசியில் இலக்கைக் காட்டியாக வேண்டும். என் சங்கடம் அந்தக் கேள்வியின் மேல்தான். எந்த வேலைக்குப் போடுவது என்று கேட்காமல் போட்டாயிற்றா என்று மட்டும் கேட்டால், பதில் சொல்கிறவர் வெட்கப்பட்டுக்கொண்டு எதையாவது வாங்கிவிடுகிறார்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். செக்காலைப் பக்கம் சின்ன அலுவலகம். பலகாரக் கடை, ஆத்தங்குடிக் கல் பட்டறை, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிவிட்ட ஒரு பெரிய வீடு, புதுவயலில் ஓர் அரிசி ஆலை என்று கைக்கு எட்டிய தொழில்களின் வரவு செலவு எல்லாம் என் மேசை மேல் வந்து போகின்றன. இந்த இடங்களில் எல்லாம் ஏஐ ஏதோ ஒரு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. எங்கே உட்கார வைக்கலாம், எங்கே உட்கார வைக்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. ஏஐ செய்து முடித்த வேலை சரியா தப்பா என்று குறைந்த செலவில் கூட்டிப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். முடியாது என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கொடுக்கக் கூடாது.

முதலில் கொடுத்த வேலையைச் சொல்கிறேன். கொள்முதல் பில்லைக் கணக்கில் ஏற்றுவது. மதுரை கீழமாசி வீதியிலிருந்து வெல்லம், கடலை மாவு, எண்ணெய் வருகிறது. பில் பாதி அச்சு, பாதி கையெழுத்து. மேலே எண்ணெய்க் கறை. முன்பு என் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் தட்டச்சு செய்வார். இப்போது செல்போனில் படம் எடுத்தால் விற்றவர் பெயர், தேதி, சரக்கு, அளவு, விலை, வரி எல்லாம் கட்டம் கட்டமாக வந்து விழுகின்றன. எட்டை ஆங்கில 'பி' என்றும், பூஜ்யத்தை 'ஓ' என்றும் அவ்வப்போது படிக்கும். அதனால் பயம் இல்லை. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 அவருடைய பான் எண். கடைசி எழுத்து, முன்னால் உள்ள 14 எழுத்துகளிலிருந்து கணக்கிட்டு வருவது. நடுவில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் கடைசி எழுத்து ஒத்துவராது, உடனே மாட்டிக்கொள்ளும். தொகையில் தவறு என்றால் கூட்டுத்தொகை காட்டிக் கொடுத்துவிடும். அதிலும் தப்பித்தால், விற்றவர் தாக்கல் செய்ததிலிருந்து மாதம் தோறும் வருகிற ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியல் இருக்கிறது. இவ்வளவு காவல் இருக்கிற இடத்தில் யார் வேலை செய்தால் என்ன? இயந்திரம் செய்யட்டும்.

இந்த வேலையில் மிச்சமான நேரம் நிஜமான நேரம். அதைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சிக்கல் பலகாரக் கடையில்தான் ஆரம்பித்தது. கடை நடத்துகிறவரை ஊரே ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படித்தான். சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், மாவுருண்டை, அதிரசம். கல்யாணச் சீருக்கும் போகிறது, சென்னைக்கும் போகிறது, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் டின் டின்னாகப் போகிறது. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வரும். எழுதி அனுப்புகிறவர் அபூர்வம். ஒன்றைக் கேளுங்கள்: "ஆச்சி, போன ஐப்பசியில் அனுப்பினீர்களே, அதே மாதிரி சீடை. அத்தை வீட்டுக்குத் தனியாகக் கட்டிவிடுங்கள். மாவுருண்டையில் இனிப்பு மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். பெரியவன் இந்த மாதக் கடைசியில் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுங்கள்."

இதை எழுத்தாக்குவதில் இயந்திரம் இப்போது நன்றாகத் தேறிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்க் குரலைக் கொடுத்தால் வேற்றுமொழிப் பாட்டைப் போல எதையோ எழுதித் தரும். இந்திய மொழிகளைக் கணினிக்குப் பழக்கும் மத்திய அரசின் பாஷினி திட்டம் 2022இல் வந்தது. சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழுவினர் இந்திய மொழிகளுக்குக் குரல் தரவுகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். பெரிய நிறுவனங்களும் தமிழுக்கு இறங்கி வந்தன. ஆச்சியின் வாடிக்கையாளர்கள் பேசும் தமிழை, பின்னால் மிக்ஸி ஓடினாலும், ஓரளவு பிழையில்லாமல் இறக்கிவிடுகிறது.

இறக்கிவைத்த பிறகு? போன ஐப்பசி மாதிரி என்றால் எது மாதிரி? எவ்வளவு? அத்தை எந்த ஊர்? பெரியவன் யார்? குறைவான இனிப்பு என்றால் எவ்வளவு குறைவு? இத்தனைக்கும் விடை ஆச்சிக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போன தடவை அனுப்பிய டின் வழியில் நசுங்கிப் போனதால் இந்த முறை அட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பது வரை தெரியும். ஆனால் இதில் ஒரு வரிகூட எங்கேயும் எழுத்தில் இல்லை. சாட்பாட் விற்றவர் "உங்கள் பழைய டேட்டாவைக் கொடுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்" என்றார். ஆச்சி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

ஆகவே முதலில் நடந்தது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டதுதான். வீட்டுக்கு ஒரு பக்கம். என்ன வாங்கினார்கள், எவ்வளவு, எப்படிக் கட்டியது, என்ன குறை சொன்னார்கள். ஆச்சி சொல்லச் சொல்லக் கடைப் பெண்கள் எழுதினார்கள். பாதி எழுதியிருக்கும்போது ஆச்சி கேட்டார்: "இதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டால் எனக்கே போதுமே தம்பி. அது எதற்கு?" நியாயமான கேள்வி. ஏஐ வந்ததால் கிடைத்த லாபம் என்று சொல்லப்படுவதில் ஒரு பெரும்பங்கு, அதுவரை எழுதாமல் இருந்ததை எழுதியதால் கிடைத்த லாபம். அதற்குச் சந்தா தேவையில்லை.

இருந்தாலும் சந்தா கட்டியாயிற்று. கொஞ்ச நாள் சாட்பாட் நேரடியாகவே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வணக்கம் சொல்வதில் குறை வைக்கவில்லை. ஓர் இரவு கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் அதிரசம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு மாதம் வரை கெடாது என்று பதில் போயிருந்தது. அதிரசம் இரண்டு மாதமா! யாரும் அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையில் எந்தத் தாளிலும் அப்படி இல்லை. எங்கோ எந்தெந்தப் பண்டத்தின் உறையிலோ இருந்த வாசகங்களை எல்லாம் படித்து வளர்ந்த இயந்திரம், இந்தக் கேள்விக்கு அடுத்து வரக்கூடிய சொற்கள் இவை என்று கணித்து அடுக்கியிருக்கிறது. அது வேலை செய்யும் விதமே அதுதான். தெரிந்து சொல்வதற்கும் தெரியாமல் சொல்வதற்கும் அதன் குரலில் வித்தியாசம் இருக்காது.

மறுநாள் காலையில் அதைப் பார்த்த ஆச்சி நேராகக் கோலாலம்பூருக்குப் போன் போட்டுத் திருத்திச் சொல்லிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். இப்படி வெளிநாட்டில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது என்று சொன்னேன். கனடாவில் ஒருவர் பாட்டி இறந்துபோன செய்தி கேட்டு விமான டிக்கெட் எடுக்கப் போகிறார். ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த சாட்பாட், முழுக் கட்டணத்தில் இப்போது டிக்கெட் எடுங்கள், துக்கத்துக்கான சலுகைக்கு 90 நாளுக்குள் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிறது. நிறுவனத்தின் விதியோ பயணத்துக்குப் பிறகு சலுகை கிடையாது என்கிறது. பணத்தைத் திருப்பித் தர மறுத்த நிறுவனம், அந்தச் சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற அளவுக்கு வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, வித்தியாசத் தொகையைக் கொடுக்கச் சொல்லிவிட்டது.

ஆச்சி சிரித்துவிட்டார். "ஏஜெண்ட் சொன்ன சொல்லுக்கு முதலாளிதானே தம்பி கட்ட வேண்டும்? இதைச் சொல்ல ஒரு கோர்ட்டா?"

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இது இப்படித்தான் தோன்றும். ரங்கூன், மோல்மேன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று வட்டிக் கடை வைத்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அத்தனை கடைகளிலும் தாங்களே போய் உட்காரவில்லை. முதலாளி தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். கடையை நடத்துகிறவர் சம்பளத்துக்குப் போன ஏஜெண்ட். மூன்று ஆண்டு அவருடைய தவணை. எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம், எதன் பேரில் கொடுக்கலாம், எந்த முடிவுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எல்லை கட்டிய விஷயங்கள். கப்பலில் போய்த்தான் பார்க்க முடியும் என்ற தூரத்தில் இருந்த கடையை ஊரிலிருந்தபடி ஆண்டது நாள்வழியும் பேரேடும், பற்று வரவு எல்லாவற்றையும் திரட்டி நேர் பார்க்கும் ஐந்தொகையும். அந்த ஐந்தொகை நேராக வரவில்லை என்றால் கடிதத்தில் எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தாலும் முதலாளிக்குத் தூக்கம் வராது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை எல்லாருமாக முடிவு செய்தார்கள் என்பதால், ஒரு கடை எழுதிய வட்டி சரியா என்று பார்க்க வேறொரு கடையின் புத்தகமே போதும்.

நம்பிக்கையின் பேரில் நடந்த தொழில் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால், நம்பிக்கைக்கு அடியில் கூட்டிப் பார்க்கும் ஏற்பாடு கெட்டியாக இருந்திருக்கிறது. அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. ஏஜெண்டுக்கு லாபத்தில் ஒரு பங்கு உண்டு. அவர் தவறு செய்தால் அவருடைய குலமான கோயில் பிரிவுக்கும் தெரியும், பெண் கொடுத்த வீட்டுக்கும் தெரியும், அடுத்த தவணைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். இப்போது வந்திருக்கும் புது ஏஜெண்டுக்கு மாமனார் வீடு கிடையாது. லாபத்தில் ஆசையோ நஷ்டத்தில் கூச்சமோ கிடையாது. ஆகவே பழைய ஏஜெண்டுக்குக் கொடுத்த அதிகாரத்தில் கால் பங்குகூட இதற்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆர்டரைக் கேட்டுச் சிட்டை எழுதலாம். விலை சொல்லக் கூடாது, தேதி சொல்லக் கூடாது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லவே கூடாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பழம்பெருமை பேசுகிறவனாகிவிடுவேன். ஐந்தொகை நேராக இருந்தும் பர்மாவில் எல்லாம் போயிற்று. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எண்ணியபோது அங்கே செட்டியார் கடைகள் சுமார் 1,650. கொடுத்த கடனில் பெரும்பகுதிக்கு நெல் வயல்தான் ஈடு. உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயி கட்ட முடியாமல் நிலத்தை விட்டுவிட்டுப் போனார். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938க்குள் அது 25 சதவீதம். வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் விரும்பாமலே நிலச்சுவான்தார்கள் ஆனார்கள், ஊர்ப் பகையையும் சம்பாதித்தார்கள். 1942இல் ஜப்பானியப் படை, 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம். அத்தனை கடையும் ஒரே ஈட்டை நம்பி, ஒரே பயிரை நம்பி, பழைய விலை நாளையும் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தன. ஒவ்வொரு பேரேட்டிலும் கூட்டல் சரிதான்.

புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நெல் விலை எப்படிப் போகும் என்று ஏஐ சொல்லுமா, அதை வைத்துக் கொள்முதல் பண்ணலாமா என்று கேட்டார். அமெரிக்காவில் ஜில்லோ என்ற வீடு விற்பனை நிறுவனம் கணினி கணித்த விலையை நம்பித் தானே வீடுகளை வாங்கி விற்கப் புறப்பட்டது. 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடிவிட்டு, ஊழியர்களில் கால் பங்குப் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பழைய விலைகளைப் படித்த இயந்திரத்துக்குப் பழைய விலைகள்தான் தெரியும். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "என் பாட்டனாரும் மோல்மேனில் நெல்லை நம்பிக் கொடுத்தவர்தான்" என்று சொல்லிவிட்டு, பேச்சை ஆலையின் மின்கட்டணத்துக்குத் திருப்பிவிட்டார். ஆலையில் கருப்பு அரிசியையும் கல்லையும் கேமரா பார்த்து, காற்றை ஊதித் தள்ளிப் பிரிக்கும் நிறப் பிரிப்பு இயந்திரம் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் ஒரு பிடி அரிசியை அள்ளிப் பார்த்தால் அது செய்த வேலை தெரிந்துவிடும். அதை யாரும் ஏஐ என்று கூப்பிட்டுக் கொண்டாடவில்லை.

கானாடுகாத்தான் வீட்டில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. விடுதிக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்களுக்குக் காட்டலாம் என்று, மச்சில் கிடந்த பழைய பேரேட்டை எடுத்துத் தூசி தட்டி, ஒரு பக்கத்தைப் படம் பிடித்து ஏஐயிடம் கொடுத்திருக்கிறார்கள். அது அழகான ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தது: குடும்ப உறவுகளைப் பற்றிய கடிதமாம், நடுவில் ஒரு வேண்டுதலாம். வீட்டுக்காரர் அதைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். அது முழுக்க முழுக்கப் பற்று வரவுப் பக்கம். பழைய கணக்குகளில் ஒன்றுக்கு ௧, இரண்டுக்கு ௨, ஏழுக்கு ௭, எட்டுக்கு ௮, நூறுக்கு ௱. பார்த்தால் க, உ, எ, அ மாதிரியே இருக்கும். இயந்திரம் எண்களை எல்லாம் எழுத்தாக எடுத்துக்கொண்டு வார்த்தை கோத்துவிட்டது. இன்னொரு செயலியில் கொடுத்துப் பார்த்தோம். அது எண் என்று கண்டுபிடித்துவிட்டது. ஆனால் பக்கத்தின் தலையில் போட்டிருந்த பிள்ளையார் சுழியை இரண்டு என்று படித்துக் கணக்கில் சேர்த்துவிட்டது. பிள்ளையாரையே வரவு வைத்த கணக்கு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்தால் காரணம் எளிது. இணையத்தில் கிடக்கும் எழுத்துகளைப் படித்துத்தான் இவை கற்கின்றன. ஆங்கிலம் அங்கே மலையாகக் கிடக்கிறது, தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் மாகாணி, முந்திரி என்ற பழைய பின்னங்களைப் போட்டு எழுதிய வட்டிக் கணக்கு எத்தனை பக்கம் இருக்கும்? நம் பெட்டகங்களுக்குள் பூட்டிக் கிடந்ததை அது எங்கே போய்ப் படிக்கும்? ஆனாலும் அந்தப் பக்கத்தில் தப்பைப் பிடிக்க வழி இருந்தது. பற்றும் வரவும் கூட்டினால் கீழே எழுதிய தொகைக்கு ஒத்துவர வேண்டும். பிள்ளையார் சுழியைச் சேர்த்ததால் இரண்டு உதைத்தது, மாட்டிக்கொண்டது. முதல் செயலி எழுதிய கதையில் கூட்டிப் பார்க்க எதுவுமே இல்லை, அதனால்தான் அது சட்டம் போட்டு மாட்டுகிற வரை போய்விட்டது.

ஆத்தங்குடிப் பட்டறையில் ஏஐ அதிகம் நுழையவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக நிறக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற வேலை. சூளையும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. முதலாளியின் மகன் புதுப் பூ வடிவங்களை ஏஐயில் வரைந்து கொண்டுவருகிறான். திரையில் பிரமாதமாக இருக்கின்றன. ஊற்றுகிறவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தக் கோடு இவ்வளவு ஒடுங்கினால் சாயம் இறங்காது தம்பி" என்று ஒதுக்கிவிடுகிறார். பத்தில் ஏதோ ஒன்று தேறுகிறது. அந்த ஒன்று நல்ல வடிவம்தான், மறுக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு ஓரளவு தீர்ந்துபோன விஷயங்கள். தீராத ஒன்று இருக்கிறது.

ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2023இல் வெளிவந்தது. ஏஐ உதவியோடு வேலை செய்தபோது சராசரியாக 14 சதவீதம் கூடுதல் வேலை முடிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் அது 34 சதவீதம். பழுத்த அனுபவசாலிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. அனுபவசாலிகள் பேசும் விதத்தைப் படித்துத்தான் இயந்திரம் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. எங்கள் ஊருக்கு இது நல்ல சேதி போலத் தோன்றும். கணக்குத் தெரிந்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். மிஞ்சியிருக்கும் கற்றுக்குட்டிக்கு இயந்திரம் துணை நின்றால் கடை ஓடும்.

ஆனால் அந்தக் கற்றுக்குட்டி எப்போது கைதேர்ந்தவன் ஆவான்? பழைய கடைகளில் சின்ன வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்வார்கள். சிட்டை எழுதுவது, சுவடி எடுத்துக் கொடுப்பது, வட்டி போட்டுக் காட்டுவது, தப்பாகப் போட்டால் திட்டு வாங்குவது. பிறகு அடுத்தாள், அதாவது ஏஜெண்டுக்கு உதவியாள். பிறகுதான் ஏஜெண்ட். ஒரு கணக்கைப் பார்த்தவுடன் எங்கோ உதைக்கிறது என்று சொல்கிற மூக்கு, பல ஆண்டுகள் சிட்டை எழுதியதால் வந்தது. இப்போது முதலில் இயந்திரத்திடம் போவது அந்தச் சிட்டை எழுதும் வேலைதான். கூட்டிப் பார்க்க முடிந்த வேலையைக் கொடு என்று இவ்வளவு நேரம் நானே வாதாடிக்கொண்டிருந்தேன். கூட்டிப் பார்க்கிற ஆள் இன்னும் இருபது ஆண்டுக்குப் பிறகு எங்கிருந்து வருவார் என்பதற்கு அந்த வாதத்தில் இடமில்லை. என் அலுவலகத்தில் பில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் இப்போது 2பி பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலைக்கு ஏறிவிட்டார், அவருக்கு அது உயர்வு. அவர் இருந்த நாற்காலியில் புதிதாக யாரையும் நான் சேர்க்கவில்லை.

நடுவில் ஒரு வார்த்தை: இலவசச் செயலிகளில் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், கணக்குப் பக்கம் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோய் ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். பெட்டகச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைச் செய்வதுதான் ஆச்சரியம். 2023இல் சாம்சங் நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் ரகசிய நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்து, நிறுவனம் அதற்குத் தடை போட்டது. அதே 2023இல் நம் நாட்டிலும் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. நான் பெயரையும் நம்பரையும் அழித்துவிட்டுத்தான் எதையும் ஏற்றுகிறேன்.

ஆச்சியிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அந்தத் தீராத விஷயத்தில் எனக்கு முன்னால் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தீபாவளி ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. சாட்பாட் வாடிக்கையாளரிடம் நேரே பேசுவது நின்றுவிட்டது. குரல் செய்தியைக் கேட்டுச் சிட்டை தயார் செய்வது மட்டும் அதன் வேலை. இதுவரை என் யோசனைப்படிதான். ஆனால் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணையும் அதே குரல் செய்திகளைக் கேட்டுத் தனியாகச் சிட்டை எழுதச் சொல்லியிருக்கிறார் ஆச்சி. மாலையில் இரண்டு சிட்டைகளையும் பக்கத்தில் வைத்து அந்தப் பெண்ணே ஒப்பிட வேண்டும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே ஆச்சி நோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்.

ஒரே வேலைக்கு இரண்டு செலவு, தீபாவளி நேரத்தில் இது தாங்காது என்று சொன்னேன்.

"அது எழுதியதில் தப்பு இருந்தால் இவள்தானே கண்டுபிடிக்க வேண்டும் தம்பி. எழுதாமல் இவளுக்கு எப்படித் தெரியும்?"

எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்டேன். மூன்று வருஷம் என்றார். அந்தப் பெண்ணின் அப்பாவிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறாராம். சம்பளம்தான் இன்னும் முடிவாகவில்லை, ஆச்சி என்னைக் கணக்குப் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.